இன்னொருதரம் திருத்திக் கொடுத்த எண்

அந்தப் பெயரை அவள் முதன்முதலில் கேட்டது பம்பு உதிரிபாகக் கடையின் கிடங்கில், பேரிங் பெட்டிகள் அடுக்கிய இரும்பு அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்றபோது. அந்தப் பக்கம் சரக்கு ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தச் சீட்டு சரியா தப்பான்னு யாரைக் கேக்கறது?"

"போய் இன்னொருதரத்தைக் கேளு."

"மேல இருக்கா, சாப்பிடப் போயிடுச்சா?"

இன்னொருதரம் யாரென்று அவளுக்கு விளங்கவில்லை. புதிதாக யாரையோ வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள் போல, முதலாளி நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனத்தாங்கல்கூட வந்தது. அதே மனத்தாங்கலோடு மாடிக்குப் போனாள். போன் அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் ஒரு மெக்கானிக் ஏதோ எண்ணைக் கத்தினான். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். சொன்ன வாய் சொன்னபடி திறந்தே நின்றது. பெயர் வைத்தவனைக் கூப்பிட்டுத் திட்டலாம்தான். ஆனால் திட்டி முடித்து, அவன் முணுமுணுத்தால், "என்ன சொன்னே, இன்னொரு தரம் சொல்லு" என்றுதானே கேட்கப்போகிறாள்? எந்த முகத்தோடு திட்டுவது?

அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவளேதான். புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் தன் தங்கையிடம் சொன்னார். அந்த நாத்தனார் தன் ஓரகத்தியிடம் சொன்னாள். ஓரகத்தியின் அண்ணன் மகளைத்தான் பிற்பாடு இவள் தன் மகனுக்குக் கட்டிவைத்தாள். ஆகவே மருமகள் அந்த வீட்டு வாசற்படி மிதிப்பதற்கு முன்பே மாமியாரின் பட்டப்பெயர் அவளுக்கு அத்துப்படி. சொந்தப் பெயரைத்தான் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

கடையில் இன்னொருதரத்துக்கு வேலை போன் எடுப்பது. தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு உண்டான சீல், வாஷர், பேரிங் என்று ஆயிரம் சாமான். ஒவ்வொன்றுக்கும் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓர் எண். மெக்கானிக்குகள் வேலை நடக்கிற இடத்திலிருந்து, பக்கத்தில் இயந்திரம் அலற, ஒரு கையில் ஸ்பானரோடு போன் பண்ணுவார்கள். ஓர் எண் பிசகினால் வேறு சாமான் போய் இறங்கும், வண்டி திரும்பி வரும், முதலாளியின் முகம் பார்க்கச் சகிக்காது. அதனால் அவர்கள் சொல்வதை இவள் திருப்பிப் படிப்பாள். பாதி நேரம், அவர்கள் சொல்லும்போதே இவளுக்குப் பிசகு தெரிந்துவிடும். "ஏழு இல்லண்ணே, ஒன்பது. அந்த சீலுக்கு ஏழு வராது. முதல்லருந்து வாங்க." தப்பான எண் ஒன்று காதில் விழுந்துவிட்டால், செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி, எடுத்துப் போட்டால்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

இன்னொரு வழக்கமும் அவள் கொண்டுவந்ததுதான். ஒரு தரம் எவனோ ஒருவன் பழைய வாடிக்கையாளர் பேரைச் சொல்லி, பெரிய மோட்டார் இரண்டு வேண்டும், வண்டியை மேம்பாலத்தடியில் நிறுத்துங்கள், ஆள் வந்து வாங்கிக்கொள்வான் என்றான். குரல் தேன். திருப்பிக் கூப்பிட எண் கேட்டதும் போனை வைத்துவிட்டான். இவள் சுவரில் ஒட்டியிருந்த வாடிக்கையாளர் எண்ணுக்குத் தானே போட்டுக் கேட்டாள். "நானா? மோட்டாரா? நான் என் மாமியாரை ஆஸ்பத்திரில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் அவர். அன்றிலிருந்து கடையில் சட்டமானது: கூப்பிட்டவன் குடுக்கிற எண்ணை நம்பாதே, உன்னிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணுக்கு நீ திருப்பிக் கூப்பிடு, அதற்குப் பிறகுதான் சாமான் வெளியே போகவேண்டும். இதைப் பற்றி இன்னொருதரத்துக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி முடித்து, கேட்டவர்களுக்கே மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண் திருத்துகிற வியாதி கடையோடு நிற்கவில்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் யாருக்கோ வழி சொல்லி பஸ் நம்பரைத் தப்பாகச் சொன்னால் இவள் பின்னாலிருந்து திருத்துவாள். கண்ணாடிக் கடைக்காரர் முகத்தைப் பார்த்து வயதைக் குறைத்து எழுதினார். "தப்பு, இன்னும் ஆறு கூட்டுங்க" என்றாள். எந்தப் பெண்பிள்ளை செய்வாள் அதை! வெளியே வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பில்லைப் பார்த்தபோதுதான், கிடைத்த லாபத்தைத் தானே வழித்துப் போட்டது உறைத்தது.

புருஷன் போய்ச் சேர்ந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு வந்தபோது, கடை கொடுத்த தொகையை வங்கியில் போட்டாள். அதன்பேரில் வங்கி ஒரு கிரெடிட் கார்டு கொடுத்தது. அட்டையில் அவளுடைய சொந்தப் பெயர், மேடாக, விரலால் தடவிப் படிக்கலாம்போல. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று எதுவுமில்லை. "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றான் மகன். எதுக்கு என்று அவளுக்கே தெரியாது. மூட்டுவலிக்கு ஒரு மெத்தை வாங்கினாள். பேத்திக்கு ஒரு சைக்கிள். யாரையும் கேட்கவில்லை, அதுதான் எதுக்கு என்பது. கார்டை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் பெயிண்டர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் இவளுடைய தங்கை வீட்டுக்காரர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற காண்டிராக்டர், தங்கமான மனுஷன். அவருக்கு ஒரு போன் வந்தது, பரிசு விழுந்திருக்கிறது என்று. கார்டு எண்ணைக் கொடுத்தார். பரிசு வரவில்லை, கார்டில் இருந்தது போயிற்று. வெட்கத்தில் ஒரு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த மாதம் முழுக்க, போன் பண்ணின திருடர்கள் அவரை வாழைப்பழத் தோலை உரிக்கிற மாதிரி உரித்தார்கள். கடைசியில் விஷயம் வெளியே வந்து, குடும்பம் கூடிப் பேசியது. தீர்ப்புச் சொன்னது இன்னொருதரத்தின் மகன்தான். கார்டைப் பிடுங்கினார்கள். போனையும் மாற்றி, பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றில் நாலு பேர் எண்ணை மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். முடிவெட்டக் காசு வேண்டுமென்றாலும் அந்த மனுஷன் இப்போது மகளிடம் கேட்கிறார்.

அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் இன்னொருதரம். "ஏன் மாப்பிள்ளை, நம்பர் கேட்டா குடுத்துட வேண்டியதா? அது என்ன குடத்துத் தண்ணியா, கேட்டவுடனே மொண்டு குடுக்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்தது இவளுக்கான போன்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள், பேத்தி பள்ளிக்கூடத்தில். இன்னொருதரம் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பையன் குரல், மரியாதையான குரல்.

"அம்மா, வங்கிலேருந்து பேசறோம். உங்க கார்டை யாரோ வெளியூர்ல உபயோகிக்கப் பாக்கறாங்க. உடனே நிறுத்தணும்."

இவள் உஷாரானாள். பெயிண்டர் மாப்பிள்ளை கண்முன் வந்தார். "தம்பி, நான் நம்பரெல்லாம் சொல்ல மாட்டேன்."

"சொல்லவே கூடாதும்மா! யார் கேட்டாலும் சொல்லாதீங்க. எங்ககிட்ட இருக்கறதை நான் படிக்கிறேன், சரியா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும்."

இவ்வளவு பொறுப்பான பிள்ளை எங்கே கிடைக்கும்? மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்தாள். அவன் படித்தான். முதல் நாலு எண் அப்படியே சரியாக இருந்தது. ஒரே வங்கியின் அந்த வகைக் கார்டு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி. ஐந்தாவது எண்ணில் அவன் பிசகினான்.

"நாலு இல்ல தம்பி, ஒன்பது."

"ஓ, ஒன்பதாம்மா? அடுத்தது மூணு, மூணு..."

"எங்க மூணு? எட்டு, பூஜ்யம். யாரு தம்பி எழுதினது இதை? இவ்வளவு தப்பா எழுதினா எப்படி?"

"புதுப் பொண்ணும்மா. சின்னப் பிள்ளை."

"கூப்பிட்டுச் சொல்லு. சரி, முதல்லருந்து வா."

அவன் முதலிலிருந்து வந்தான். மறுபடி வந்தான். பதினாறு எண்ணும் சுத்தமாக வரும்வரை இவள் விடவில்லை. கார்டு காலாவதியாகும் மாதத்தைத் தப்பாகச் சொன்னான், திருத்தினாள். பின்பக்கத்து மூன்று எண்ணையும் உளறினான், கார்டைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றி, அதையும் திருத்தினாள். வேலையை விட்டு வந்தபிறகு ஒருவரும் அவளிடம் ஓர் எண்ணை நீட்டிச் சரிபாருங்கள் என்று கேட்டதில்லை. உள்ளுக்குள் என்னமோ குளிர்ந்து கிடந்தது. காலை ஆட்டிக்கொண்டுகூட இருந்திருப்பாள்.

போனில் டிங்கென்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஓடிபி என்று போட்டு ஆறு எண். கீழே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இருந்தது. அதையும் படித்தாள். படிக்காமல் இல்லை.

"அதையும் நானே படிக்கிறேம்மா. அஞ்சு, அஞ்சு, ரெண்டு..."

"அடக் கடவுளே, முதல் எண்ணே தப்பு!"

சொல்லத்தானே கூடாது என்று போட்டிருக்கிறது? இவள் எங்கே சொன்னாள், திருத்தத்தானே செய்தாள்! இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் இன்னொருதரம் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த குடும்பங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரிடம் ஏமாந்திருக்கிறார்கள். திருடன் கொண்டுவந்த சாவி பூட்டுக்குச் சேரவில்லை என்று தானே அரம் வைத்து ராவிக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான்.

எல்லாம் முடிந்தது. இனி கடையில் வழக்கமாகக் கேட்கிற கடைசிக் கேள்வி. துணி மடித்த கட்டிலில் பென்சிலோடு உட்கார்ந்து அதையும் கேட்டாள்.

"சரி தம்பி, உன் பேரு, எந்தக் கிளை, திருப்பிக் கூப்பிடற நம்பர், மூணும் சொல்லு."

லைன் கட்டாகிவிட்டது.

திருப்பிக் கூப்பிடுகிற எண் கேட்டதும் போனை வைத்தவன் அவள் வேலைக்காலத்தில் ஒரே ஒருவன்தான். மேம்பாலத்தடிக்காரன். அடுத்த செய்தி வந்தது: எங்கோ ஒரு கடையில், ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்குகிற அளவுக்கு அவள் கார்டில் சாமான் வாங்கியாகிவிட்டது.

அவளுக்கு முதலில் வந்த யோசனை, வெளியே சொல்லாமல் இருந்துவிடலாம் என்பது. வங்கியில் இருக்கிற தன் தொகையிலிருந்தே அடைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? தெரிந்தால் மகன் கையை நீட்டுவான். கார்டு போகும், போன் போகும், பொத்தான் போன் வரும், நாலு எண். பேத்திக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கவேண்டுமென்றாலும் மருமகள் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும். அதைவிட, தங்கை சிரிப்பாள். தங்கை புருஷன் சிரிப்பார். குடத்துத் தண்ணீர் என்று சொன்ன வாய் இது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதே போன் மறுபடி அடித்தது. அதே தேன்.

"லைன் கட்டாயிடுச்சும்மா. இன்னொரு செய்தி வந்திருக்கும் பாருங்க. அதையும் சரிபாத்துட்டா வேலை முடிஞ்சுது."

வந்துதான் இருந்தது. இன்னும் பெரிய தொகை.

"உன் நம்பரைக் குடுப்பா. நான் திருப்பிக் கூப்பிடறேன்."

"நேரமில்லம்மா! உங்க பணம் போயிட்டிருக்கு! நான் படிக்கிறேன், ஒன்பது, நாலு..."

தப்பு. இரண்டுமே தப்பு. திருத்து, திருத்து என்று நாக்கு உள்ளே துள்ளியது. அந்தச் சில நொடிகள் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் தன் வாழ்நாளில் செய்ததிலேயே கஷ்டமான வேலை என்று அவள் சத்தியம் செய்வாள். பிள்ளை பெற்றதுகூட இரண்டாவதுதானாம். போனைக் கட் பண்ணினாள்.

மறைத்து வைக்கிற வேலை தன்னால் ஆகாது என்று அப்போதே தெரிந்துபோயிற்று. மறைத்தால் இவன் நாளைக்கும் கூப்பிடுவான், இவள் நாளைக்கும் நாக்கைக் கடிக்க வேண்டும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் நாக்கு ஜெயித்துவிடும். அவன் கூப்பிட்ட எண்ணைத் தொடவில்லை. கார்டைத் திருப்பினாள். பின்பக்கம், பொடி எழுத்தில், வங்கியின் எண் அச்சடித்திருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. முதல் போன் வந்தபோதும் அவள் கையில்தான் இருந்தது. ஊரான் மோட்டாருக்குத் திருப்பிக் கூப்பிடத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டுக் கார்டுக்குத் தெரியவில்லை.

அந்த எண்ணுக்குப் போட்டாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இயந்திரம் படுத்திய பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் பேசினாள். விஷயத்தைக் கேட்டதும், "முதல்ல கார்டை முடக்கிடறேன்மா" என்று முடக்கினாள். இரண்டாவது தொகை போகவில்லை. பிறகு புகாரை எழுதிக்கொண்டாள். எழுதியதை வேகமாகப் படித்துக் காட்டினாள்.

"...அழைத்தவரிடம் ஓடிபி தெரிவிக்கவில்லை. அப்படித்தானேம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் முதல் தொகையும் திரும்பியிருக்குமோ என்னமோ.

"தப்பு" என்றாள் இன்னொருதரம். "சொன்னேன். திருத்திக்கோங்க."

"சொல்லிட்டீங்கன்னா போன பணம் திரும்பறது கஷ்டம்மா..."

"தெரியுது. இருந்தாலும் திருத்திக்கோங்க."

இதை நேர்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பழக்கதோஷம். சொல்லி முடித்த மறுவிநாடியே, மடச்சி, இதை மட்டுமாவது விட்டிருக்கக் கூடாதா என்று தன்னையே வைதாள். அந்தப் பெண் போலீசுக்கும் சொல்லச் சொல்லி, புகார் எண்ணைக் கொடுத்தாள். இவள், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.

பிறகு மகனுக்குப் போட்டாள். அவன் பாதி வேலையில் ஓடிவந்தான், பின்னாலேயே மருமகள். போலீசுக்குப் புகார் கொடுத்துவிட்டு மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். இன்னொருதரம் ஒன்றுவிடாமல் சொன்னாள். திருடன் குரலைத் தேனாகவும் தன் குரலைக் கரகரவென்றும் வைத்துக்கொண்டு, இரண்டு ஆளாகச் சொன்னாள். "யாரு தம்பி எழுதினது இதை" என்ற இடம் வந்ததும் மருமகள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மகனுக்கும் உதடு துடித்தது. ஆனாலும் கையை நீட்டினான்.

"கார்டைக் குடும்மா."

முடங்கிப்போன அட்டைதானே என்று கொடுத்தாள். அவன் அதைக் கத்திரிக்கோலால் இரண்டாக வெட்டினான். பெயருக்கு நடுவே வெட்டு விழுந்தது.

"புதுசு வந்தா என்கிட்ட இருக்கட்டும். போனுக்கும் ஏதாவது பண்ணணும்."

பெயிண்டர் மாப்பிள்ளைக்கு நடந்ததுதான். அன்றைக்குச் சிரித்தவள் இன்றைக்கு எந்த வாயால் கூடாது என்பது?

மருமகள்தான் பேசினாள். "ஏங்க, பெயிண்டர் மாமா ஒரு மாசம் மறைச்சாரு. அத்தை மடிச்ச துணி பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னால எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. நிறுத்தினது அவங்கதானே?"

"குடுத்ததும் அவங்கதானே!"

"ஆமா, ரெண்டும் அவங்கதான். ஏன், போன வருஷம் ஒரு அவசரம்னு செய்தி வந்துச்சே, நீங்களும்தான் உங்க நண்பருக்குன்னு நினைச்சு எவனுக்கோ பணம் அனுப்பினீங்க. உங்க கார்டை யாரு வாங்கி வச்சா?"

இன்னொருதரத்துக்கு இது புதுச் செய்தி. "எப்ப?" என்றாள். மகன் மருமகளைப் பார்த்தான். மருமகள் கூரையைப் பார்த்தாள். "என்னடா, சரியா கேக்கல, இன்னொரு தரம் சொல்லு" என்றாள் தாயார். கத்திரிக்கோலை எடுத்துவைக்கிற சாக்கில் அவன் உள்ளே போய்விட்டான். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பாக்கி இருந்தது ஒரே ஒரு போன். இன்னொருதரம் பெயிண்டர் மாப்பிள்ளையின் பொத்தான் போனுக்குப் போட்டாள். அந்த நாலு எண்ணில் இவளுடையதும் ஒன்று. முழுக்கச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏன் அக்கா, நம்பர் கேட்டா குடுத்துட வேண்டியதா? அது என்ன குடத்துத் தண்ணியா?"

"திட்டுங்க மாப்பிள்ளை, நல்லா திட்டுங்க."

"திட்டல அக்கா. நானாவது கேட்டப்ப குடுத்தேன். நீங்க கேக்காமயே திருத்திக் குடுத்திருக்கீங்களே!" என்று சிரிக்க ஆரம்பித்தார். புரையேறுகிறவரை சிரித்தார். பின்னால் தங்கை, "யாரு, யாரு?" என்று கேட்கிற சத்தம். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, என் கார்டு விஷயமா ஒரு வார்த்தை உங்க பையன்கிட்ட..." என்றார். சொல்கிறேன் என்றாள். சொன்னாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முதலில் போன தொகை போனதுதான். புதுக் கார்டு தபாலில் வந்தபோது வாங்கியது மருமகள். உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து, "அத்தை, உங்க பேருக்கு வந்திருக்கு" என்று கையில் கொடுத்தாள். மகன் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தான். கையை நீட்டவில்லை.

இன்னொருதரம் இப்போதும் மகன் வீட்டில்தான், தெருப்பக்கத்து அறையில் இருக்கிறாள். கார்டு அவளுடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.